மூன்றாவது புட்டி

ஏப்ரல் வெள்ளம் டொங்காட்டின் தண்ணீர் நிலையத்தை
அடித்துக்கொண்டு போன நாள் முதல்
எங்கள் குழாய்க்கு வெறும் இருமல்.
திருகினால் காற்று, கொஞ்சம் துரு, அவ்வளவுதான்.
தண்ணீர் அதிகமாகித்
தண்ணீர் இல்லாமல் போன ஊர் இது.

அடுக்களைச் சன்னலில் மட்டும்
இரண்டு லிட்டர் குறையாமல் இருக்கிறது.
மாங்காய் ஊறுகாய் இருந்த கண்ணாடிப் புட்டி.
மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்தது நான்,
பெப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
பூபாலன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது.

முதல் புட்டியைப் பற்றிப் பேச வேண்டாம்.
நிறையக் கொடுத்தால் நிறைய வாழும் என்று
சேற்றை வாரி வாரிப் போட்டேன்.
ஒன்பதாம் நாள் கறுத்தது. திறந்ததும்
அழுகின முட்டை வாடை
மூன்று வீடு தாண்டிப் போய்க் கதவைத் தட்டியது.
இரண்டாவதில் ஒரு மீன்குஞ்சு விட்டேன்.
அதற்கு நான்தான் கணக்குச் சொல்ல வேண்டும்,
யாரும் கேட்டால்.

மூன்றாவதில் கையைச் சுருக்கிக்கொண்டேன்.
கரும்புக்காட்டு அணையின் தண்ணீர், வடிகட்டாமல்.
இரண்டு விரல் மண். ஒரு பிடி வேலம்பாசி.
மேலே நாலு விரல் காற்று.
தெள்ளுப்பூச்சிகள் தண்ணீரோடு வந்தவை.
நத்தையை நான் போடவே இல்லை;
இலைக்கு அடியில் பசைத்துளி மாதிரி ஒட்டியிருந்து
அழையாமல் குடியேறியது.

ஆலை ஆய்வகத்தில் என் வேலை
கரும்புச்சாற்றின் இனிப்பை அளப்பது.
அங்கே எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு.
இங்கே ஒரு சொட்டு எடுக்க வேண்டுமென்றாலும்
மெழுகை உடைக்க வேண்டும்.
ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது. பார்ப்பேன்.
விடியலில் உள்கண்ணாடியில் ஆவி பிடித்திருக்கும்.
துளியும் துளியும் தொட்டு, கனத்து,
சட்டென்று ஒரு கோடாக இறங்கும்.
ஊரிலேயே விநியோகம் தவறாத
ஒரே நகராட்சி.

ஒரு வியாழக்கிழமை டாங்கர் வரவில்லை.
வெள்ளியும் வரவில்லை.
சனிக்கிழமை லோகாம்பாள்
பெயின்ட் வாளியோடு என் அடுக்களைக்கு வந்தாள்.
மகனின் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள்
பாதியில் நிறுத்திப் புட்டியைப் பார்த்தாள்.
"இது கக்கூஸுக்கு ஒரு தரம் ஊத்தக் காணுமே."
அவள் சிரிக்கவில்லை. நானும்.

நத்தை அப்போது கண்ணாடியில் பாசியை மேய்ந்தபடி
எங்கள் இருவரையும் கடந்துகொண்டிருந்தது.
அது போன வழியெல்லாம் துலக்கமாக ஒரு கீற்று,
அதன் வழியே தெரு தெரிந்தது:
காலி வாளிகள், வரிசையில் கல் வைத்துப் பிடித்த இடம்.

கத்தி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
நான் குனிந்து, தொட்டிக்கு அடியில்
காசு கொடுத்து வாங்கி ஒளித்து வைத்திருந்த
ஐந்து லிட்டர் கேனை எடுத்துக் கொடுத்தேன்.
தர்மம் என்று அவள் நினைத்திருப்பாள்.

சாயங்காலம் பூபாலன் தேநீர் கேட்டான்.
இல்லை என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.
கேனைக் கொடுத்ததற்குத் தலையை ஆட்டினான்,
பிறகு புட்டியைப் பார்த்தான்,
பிறகு என்னை, கொஞ்சம் அதிக நேரம்.
எட்டு மணிக்கு மின்சாரமும் போனது.
டார்ச்சைக் கண்ணாடியில் அழுத்தினான்.
தெள்ளுப்பூச்சிகள் வெளிச்சத்துக்குத் திரண்டு வந்தன,
குதித்துக் குதித்து, சோற்றுப் பானை கொதிக்கிற மாதிரி.
எண்ணத் தொடங்கினான். இருபத்துமூன்றில் தப்பினான்.
மறுபடியும் ஒன்று.

திங்கட்கிழமை தண்ணீர் பில் வந்தது,
வராத தண்ணீருக்கு, ராண்டும் சென்ட்டும் பிசகாமல்.
இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து விழும்;
மதியம் புட்டி சுட்டுவிடும்.
பில்லை விரித்து
சன்னலுக்கும் புட்டிக்கும் நடுவே நிறுத்தினேன்.
நல்ல கெட்டித் தாள்.
அதன் நிழலில் நத்தை
இலையின் அடிப்புறத்தைத் தேடிப் போயிற்று,
ஏதோ வைக்க வேண்டியிருந்தது போல.